மாமி வீட்டுச் சுவரில் ஒரு றாக்கை

என் மாமி என்னோடு கதைப்பதில்லை. உடனே சண்டை என்று நினைத்துவிட வேண்டாம், இது மரியாதை. மருமகனோடு முகத்துக்கு முகம் பேசாத, அவன் முன்னால் கதிரையில் உட்காராத, அவன் சாப்பிட்டு எழும்பும் வரை தான் வாயில் ஒரு பருக்கை வைக்காத மாமிமார் ஒரு காலத்தில் உரும்பிராயில் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். மற்ற வீடுகளில் அந்த வழக்கம் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. என் மாமி பூரணத்திடம் மட்டும் அது இன்னும் இறுக்கமாக நிற்கிறது. நான் கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் என் மனைவி உதயகலாவுக்குத்தான் சொல்லி வருகிறார், எனக்குக் கேட்கும்படியாக.

"உதயா, அவருக்குத் தேத்தண்ணி ஆறுது எண்டு சொல்லு."

அந்த 'அவர்' நான்தான். பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். உதயா இல்லாத நேரம் கோழிகளுக்குச் சொல்வார், படலைக்குச் சொல்வார். ஒருநாள் காலை என் மோட்டார் சைக்கிளைப் பார்த்து, "மழை இருட்டுது, றெயின் கோட்டைக் கொண்டு போறது நல்லது" என்று சொன்னார். நானும் மோட்டார் சைக்கிளைப் பார்த்தே "ஓம்" என்றேன். பழகிவிட்டது.

வீடு உதயாவுக்குச் சீதனமாக எழுதியது. எங்கள் பக்கத்தில் அது புதினமில்லை; பொம்பிளை வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை குடிவருவார். நான் கரவெட்டியிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்து இறங்கியவன். சாப்பாட்டிலோ மரியாதையிலோ எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் வந்து போகிற விருந்தாளிக்கும் அதுதானே கிடைக்கும்? இந்த வீட்டுச் சுவரில் நான் ஓர் ஆணி அடித்ததில்லை. கலண்டர் தொங்குவது மாமா அடித்த ஆணியில். என் சேட்டுத் தொங்குவதும் மாமா அடித்த ஆணியில். மனுசன் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகியும் அவருடைய ஆணிகள் அசையவில்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. என்றாவது ஒருநாள் இந்த வீட்டில் 'இது ஜெயதீபன் செய்தது' என்று சொல்ல ஒரு சாமானாவது நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் உதயாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த ஆசைக்கு வழி விட்டது என் சகலன் கோபிசங்கர். உதயாவின் தங்கையைக் கட்டிக் கனடாவில் இருப்பவன். விடுமுறைக்கு வந்தவன், மாமி கிணற்றடியில் குந்தியிருந்து உடுப்புத் தோய்ப்பதைப் பார்த்துக் கண் கலங்கி, அன்று பின்னேரமே டவுனுக்குப் போய் ஒரு வோஷிங் மெஷினை வாங்கி இறக்கிவிட்டான். தாராள மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இறக்கிவிட்டு அவன் பிளேன் ஏறிவிட்டான். அதை எங்கே வைப்பது, தண்ணீர் எங்கே போவது, தோய்த்ததை எங்கே அடுக்குவது என்ற கரைச்சல் எல்லாம் எனக்கு.

சாமியறைக்குப் பின்னால் ஒரு ஸ்டோர் றூம் இருக்கிறது. நெல் மூட்டையும் உடைந்த கதிரைகளும் கிடந்த இடம். அதைத் துப்புரவாக்கி மெஷினை உள்ளே வைத்தோம். பைப்பும் பொருத்தியாயிற்று. ஆனால் உடுப்புகள் கதிரையிலும் நிலத்திலும் வாளியிலும் கிடந்தன. தோய்த்தது எது, தோய்க்காதது எது என்று மணந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் மருந்தாளர். பிறஷர்க் குளிசையையும் பூச்சிக் குளிசையையும் ஒரே தட்டில் வைத்தால் இரவில் நித்திரை வராத ஆள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பெயர், இதுதான் என் சீவியம்.

யூரியூப்பில் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டில் உடுப்புத் தோய்க்கிற அறை முழுவதற்கும் தானே பலகை வெட்டி, தானே சுவரில் தட்டுத் தட்டாக றாக்கை அடித்து, கையைத் தட்டிவிட்டுச் சிரிக்கிறான். மனைவி வந்து கட்டிப் பிடிக்கிறாள். அவ்வளவு எனக்கு வேண்டாம். றாக்கை நின்றால் போதும்.

ஒரு தாளில் கீறி உதயாவுக்குக் காட்டினேன். மெஷினுக்கு மேலே இரண்டு நீளத் தட்டு, பக்கத்தில் சின்னத் தட்டுகள், கீழே அழுக்கு உடுப்புக்கு இடம்.

"மூண்டு பேற்றை உடுப்புக்கு இவ்வளவு தட்டோ? கடை போடப் போறியளோ?" என்றாள். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்து, "கிணத்தடிப் பக்கச் சுவரிலைதானே?" என்று கேட்டாள்.

"ஓம், அதிலைதான்."

குசினி வாசலில் நின்று மாமியும் எட்டிப் பார்த்தார்.

"உதயா, வடிவாய்க் கீறியிருக்கிறார் எண்டு சொல்லு."

எனக்கு அன்று முழுக்க நிலத்தில் கால் படவில்லை.

சந்தியில் இருக்கிற ஹாட்வெயார் கடையில் மெலமைன் பலகை, தட்டைத் தாங்க இரும்புக் கோணம், திருகாணி, அது பிடிக்கச் சுவர் ஓட்டையில் செருகும் றோல் பிளக், ஒரு ட்றில் எல்லாம் வாங்கினேன். கடைக்காரன், "எந்தத் தச்சுப் பாஸ் வேலைக்கு வாறது?" என்று கேட்டான்.

"பாஸ் ஒருத்தருமில்லை, நான்தான்."

அவன் என் கைகளைப் பார்த்தான். குளிசை எண்ணி எண்ணி விரல் நுனி மட்டும் தேய்ந்த கைகள். ஒரு பெட்டி றோல் பிளக் கூடுதலாகப் போட்டுத் தந்தான்.

கோவிலில் தேர் நடந்த அன்று வேலையைத் தொடங்கினேன். தாயும் மகளும் காலமையே வெளிக்கிட்டுப் போய்விட்டார்கள். எனக்குத் தடுமன், சனத்துக்குள் வரவில்லை என்று சொன்னேன். தடுமன் இருந்தது உண்மை; ஆள் பார்க்க வேலை செய்ய வெட்கம் என்பதும் உண்மை.

கிணற்றடிப் பக்கச் சுவரில் ட்றில்லை வைத்தேன். அது துளைக்கவில்லை, கொட்டியது. பழைய சுண்ணாம்புச் சாந்து, ஈரத்தில் உக்கிப்போய் மாவாக இறங்கியது. றோல் பிளக்கை வைத்து விரலால் இழுத்தால் கையோடு வருகிறது. இன்னோரிடத்தில் துளைத்தேன், அதுவும் அப்படித்தான். யன்னல் இருக்கிற சுவரில் இடமில்லை. மிச்சமிருந்தது எதிர்ச்சுவர். சீமெந்துக் கல்லில் பிறகு எழுப்பிய சுவர் அது. ட்றில் அதில் கணீரென்று ஏறியது. றோல் பிளக் போய் உட்கார்ந்தால் எடுக்க முடியவில்லை. இதைவிட வேறென்ன வேண்டும்? சுவர் சுவர்தானே.

மத்தியானம் தாண்டி எல்லாம் முடிந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். ஒரு தட்டு கொஞ்சம் கிழக்கே சரிந்திருந்தது, கழற்றித் திரும்பப் பூட்டினேன். பிறகு இரண்டு கையாலும் மேல் தட்டைப் பிடித்துத் தொங்கினேன். அசையவில்லை. ஆஸ்பத்திரியில் செய்வதுபோல ஒவ்வொரு தட்டுக்கும் பெயர் எழுதி ஒட்டினேன்: வெள்ளை, நிறம், துவாய், விரிப்பு, சவர்க்காரம். கீழே ஒரு பனையோலைக் கடகத்தை வைத்து 'தோய்க்க வேண்டியது' என்று எழுதினேன். பிறகு வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே போய்ப் பார்த்தேன். திரும்ப வாசலில் நின்று பார்த்தேன். விசர் பிடித்தவன் மாதிரி எனக்கே சிரிப்பு வந்தது.

பெண்கள் வந்தார்கள். உதயாதான் முதலில் எட்டிப் பார்த்தாள். முகத்தில் வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

"இஞ்சேருங்கோ… இந்தச் சுவரிலையோ அடிச்சனீங்கள்?"

"மற்றச் சுவர் உக்கிப்போச்சு. இது நல்ல கல்லு. ஆள் தொங்கலாம்."

நான் தொங்கியும் காட்டினேன். மாமி அவளுக்குப் பின்னால் வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கனநேரம் பார்த்தார். றாக்கையைப் பார்த்தார், கடகத்தைப் பார்த்தார், என் தலைமுடியில் இருந்த சீமெந்துத் தூளைப் பார்த்தார்.

"உதயா, நல்ல பலமாய்த்தான் அடிச்சிருக்கிறார் எண்டு சொல்லு" என்றார். பிறகு சாமியறைக்குள் போனவர் கனநேரமாக வெளியே வரவில்லை. தேர் பார்த்துவிட்டு வந்தவர், தேவாரம் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

குழப்பம் அடுத்த நாள் தொடங்கியது. வேலை முடிந்து வந்தால் கடகம் றாக்கைக்குக் கீழே இல்லை. கிணற்றடியில், தேசி மரத்தின் கீழே, அழுக்கு உடுப்போடு இருந்தது. யாரோ எடுத்துப்போய் மறந்துவிட்டார்கள் என்று திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். மறுநாளும் தேசி மரத்தின் கீழே. திரும்ப வைத்தேன். அதற்கடுத்த நாளும்.

"உதயா, உந்தக் கடகத்தை ஆர் எடுக்கிறது?"

"நானில்லை."

"அப்ப மாமியோ?"

"அம்மாவைக் கேளுங்கோ."

இப்படியொரு பதிலை எனக்குச் சொல்ல அவளுக்கு எப்படி மனம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

நான் யோசித்தேன். மணமாயிருக்கும், மூடியிருந்தால் சரி என்று மூடி போட்ட பிளாஸ்ரிக் கூடை ஒன்று வாங்கி வந்தேன். கூடையும் தேசி மரத்தின் கீழே போயிற்று, மூடியோடு. றாக்கை விழுந்துவிடும் என்ற பயமாயிருக்கும் என்று, மாமி குசினியில் நின்று பார்க்கத்தக்கதாகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி தொங்கினேன். என் வயதில் ஒரு மனுசன் சும்மா சும்மா றாக்கையில் தொங்குவது பார்க்க நன்றாயில்லை, எனக்கே விளங்குகிறது. கூடை நின்றதா? இல்லை. அதிலும் விசித்திரம், தோய்த்த உடுப்புகள் தட்டுகளில் அப்படியே இருந்தன. மாமியே என் சாறங்களை மடித்து 'நிறம்' என்று எழுதிய தட்டில் விளிம்பு பிசகாமல் அடுக்கியிருந்தார். ஒரு கை அடுக்குகிறது, அதே கை இழுத்து வெளியே எறிகிறது. இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?

கடைசியில் மாமியின் வழிக்கே வந்தேன். அவர் குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த நேரம், விறாந்தையிலிருந்து சத்தமாகச் சொன்னேன்.

"உதயா, றாக்கையிலை என்ன குறை எண்டு சொன்னால் திருத்தலாம் எண்டு சொல்லு."

குசினியிலிருந்து பதில் வந்தது. "ஒரு குறையும் இல்லையெண்டு சொல்லு. நல்ல வடிவாய் இருக்கு."

உதயா நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கேட்டதுதானே?" என்றாள். அடுத்த நாள் பின்னேரம் கூடை தேசி மரத்தின் கீழே இருந்தது.

பிறகு வீட்டில் இன்னும் என்னென்னவோ நடந்தது. ஒருநாள் வந்தபோது மாமி தன் அறைச் சுவரைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுவரைத் துடைக்கிற மாதிரிக் கையைத் தேய்த்தார். மேசையில் பஞ்சாங்கம் திறந்தபடி கிடந்தது. தாயும் மகளும் குசுகுசுப்பார்கள், நான் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டதும் நிறுத்துவார்கள். ஒருநாள் உதயாவின் கண் சிவந்திருந்தது. கேட்டால் வெங்காயம் என்றாள். அன்று வீட்டில் வெங்காயம் சமைக்கவில்லை, விரதச் சமையல். என் மூளை சும்மாவே மெதுவாக வேலை செய்யும். இதற்குள் போட்டு அரைத்ததில் முற்றாக நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் குளிசை எண்ணும்போது எண்ணிக்கை தவறி முதலிலிருந்து எண்ணினேன்.

அதற்கு விளக்கம் சந்தியில் கிடைத்தது. அப்படித்தான் அப்போது நினைத்தேன். மேசன் முத்துக்குமாரு தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று கையைக் காட்டினான்.

"ஐயா, வெள்ளிக்கிழமை காலமை உங்கடை வீட்டிலைதான் வேலை."

"என்ன வேலை?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ, உங்களுக்குத் தெரிய வேண்டாமெண்டு அம்மா சொன்னவ. நீங்கள் வேலைக்கு வெளிக்கிட்ட பிறகு வரச் சொன்னவ. சின்னச் சுவர் வேலைதான் ஐயா. நான் சொன்னதெண்டு சொல்லிப் போடாதேங்கோ."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கூடையை வெளியே வைத்துப் பார்த்தார்கள், நான் விளங்கிக்கொள்ளவில்லை. ஆகவே நான் இல்லாத நேரம் பார்த்து, நாளும் நேரமும் பார்த்து, மேசனைக் கொண்டு றாக்கையைக் கழற்றி, ஓட்டைகளைப் பூசி, பெயின்ற் அடித்து, நான் அடித்தது ஒன்றும் அந்தச் சுவரில் இருந்ததே இல்லை என்று ஆக்கப் போகிறார்கள். வாயால் வடிவு, பலம் என்று சொல்வதெல்லாம் விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதை. விருந்தாளி சமைத்தால் 'நல்லாயிருக்கு' என்று சொல்லிவிட்டுக் கோழிக்குப் போடுவதில்லையா? மாமாவின் துருப்பிடித்த ஆணிக்கு இருக்கிற மதிப்பு என் புத்தம் புதுத் திருகாணிக்கு இல்லை.

கோபம் வந்தது. கோபத்தைவிட அழுகைதான் கிட்ட நின்றது. அன்று இரவு உதயாவோடு கதைக்கவில்லை. அவள், "என்னப்பா?" என்று கேட்டாள். "ஒண்டுமில்லை" என்றேன். அவள் சொன்ன வெங்காயத்துக்கு அது பதில்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியானத்துக்கு முன்பே திரும்பினேன். அவர்கள் கழற்றுவதற்கு முன் நானே கழற்றிவிட வேண்டும். பிறகு பலகைகளைக் கட்டிக் கரவெட்டிக்கு அனுப்பிவிடலாம், அண்ணை வீட்டில் எந்தச் சுவரிலும் அடிக்கலாம். வீட்டுக்கு முன்னால் முத்துக்குமாரு சைக்கிளில் சாந்துத் தாச்சியைக் கட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கட்டாமலே ஏறிப் போய்விட்டான். பிந்திவிட்டேனே என்று ஓடினேன்.

றாக்கை நின்றது. எல்லாத் தட்டும், எல்லா உடுப்பும், ஒட்டிய பெயர்களும் அப்படியே இருந்தன. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வீடு முழுக்கச் சாம்பிராணி மணம், பொங்கல் பொங்கிய மணம். உதயா படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சரி, முத்துக்குமாரு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பான், வந்து கழற்றுவான் என்று நினைத்துத் ஸ்குறூ ட்றைவரை எடுத்து மேல் கோணத்தில் வைத்துத் திருப்பினேன். நல்ல இறுக்கம். அந்த நிலையிலும் 'நல்லாய்த்தான் இறுக்கியிருக்கிறன்' என்று ஒரு பெருமை வந்து தொலைத்தது.

முதல் திருகாணி அரைவாசி வெளியே வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் கறகறவென்று ஒரு சத்தம். இரும்புக் கட்டிலை நிலத்தில் இழுக்கிற சத்தம். அந்தப் பக்கம் சாமியறை. சாமியறைக்குள் கட்டில் எதற்கு?

நான் சாமியறைக்குள் போகிறவன் இல்லை. கரவெட்டி வாய், மீன் இல்லாமல் சோறு இறங்காது; மச்சம் தின்றவன் உள்ளே போகக் கூடாது என்பது மாமியின் சட்டம். விறாந்தைத் தூணில் தொங்குகிற திருநீற்றுக் குட்டானோடு என் பக்தி முடிந்துவிடும். அதனால் வாசல்வரை போய் நின்றேன். எப்போதும் தொங்குகிற திரைச்சீலை இல்லை. உள்ளே சாமியும் இல்லை.

சுவரில் படங்கள் இருந்த இடங்கள் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்துத் தெரிந்தன. மேலே விளக்குப் புகைக் கறை. பிள்ளையாரும் முருகனும் அம்மனும் நின்ற அந்தச் சுவரோடு சேர்த்து மாமி தன் கட்டிலைத் தள்ளிக்கொண்டிருந்தார், தனியாக, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு. கட்டிலில் அவருடைய தலையணையும் போர்வையும் இருந்தன.

"மாமி, சாமியெல்லாம் எங்கை?"

மாமி திடுக்கிட்டு நிமிர்ந்தார். உதயாவைத் தேடினார். உதயா இல்லை. கோழியும் இல்லை. கடைசியில் தலையணையைப் பார்த்துச் சொன்னார்.

"சாமியை என்ரை அறைக்குள்ளை வைச்சாச்சு. முத்துக்குமாரு மேடை கட்டித் தந்தவன். காலமை நல்ல நேரம் இருந்தது."

"ஏன் மாமி?"

அதையும் தலையணைக்குத்தான் சொன்னார். "சாமிக்குப் பின்னாலை அழுக்கு உடுப்பு இருக்கக் கூடாது. நான் எடுத்து வெளியிலை வைக்க, அவர் திருப்பி உள்ளுக்கை வைக்கிறார். ஒவ்வொரு நாளும் இதுதானே. சாமியும் எத்தினை நாளைக்குப் பொறுக்கும்?"

சுவர் சுவர்தானே என்று ட்றில் ஏற்றிய சுவர். மறுபக்கம் பிள்ளையாரின் முதுகு. என் சாறமும் உள்ளுடுப்பும் நிறைந்த கடகத்தை அவருடைய முதுகோடு ஒட்டி வைத்து, 'தோய்க்க வேண்டியது' என்று வேறு எழுதி ஒட்டியிருக்கிறேன். எடுத்து வெளியே வைத்தபோதெல்லாம் விடாப்பிடியாகத் திருப்பி வைத்திருக்கிறேன். மூடி வேறு வாங்கிப் போட்டிருக்கிறேன்.

"ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் கழட்டியிருப்பனே! இதுக்குப் போய்ச் சாமியை… உதயாவாவது சொல்லியிருக்கலாமே!"

"அவள் சொல்லத்தான் நிண்டவள். நான்தான் விடேல்லை." மாமி போர்வையின் மூலையை இழுத்துச் சரி செய்தார். "சாமிக்குச் சொன்னால் சாமி விளங்கிக்கொள்ளும். மருமகனுக்குச் சொன்னால் மனம் நோகும். அவர் இந்த வீட்டிலை அடிச்ச முதல் ஆணி அது. தலையெல்லாம் சீமெந்துத் தூளோடை நிண்டு சிரிச்சவர். அதைக் கழட்டுங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

நான் யாருக்கும் சொல்லாததை இந்த மனுசி எப்போது கணக்கு வைத்தார்? இத்தனை வருடமாக என் முகத்தைப் பார்க்காமல் இருந்தவர், சுவரையும் அதில் இருக்கிற ஆணிகளையும் பார்த்துக்கொண்டேயிருந்திருக்கிறார், எது யார் அடித்தது என்று. அர்த்தமில்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"அப்ப நீங்கள் இதிலையோ படுக்கப் போறியள்? அழுக்கு உடுப்புக்குப் பக்கத்திலை?"

"எனக்கென்ன? நான் என்ன சாமியே?"

"வேண்டாம் மாமி. நான் இப்பவே கழட்டுறன்."

என் கையில் இருந்த ஸ்குறூ ட்றைவரை அவர் அப்போதுதான் கண்டார். தலையணையை விட்டு முகத்தை எடுத்தார். நேராக என்னைப் பார்த்தார்.

"தம்பி, அதிலை கை வையாதேங்கோ."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், உதயா வந்துவிட்டாளோ என்று. யாருமில்லை. எனக்குத்தான் சொல்லியிருக்கிறார்.

"சாமியை நேரம் பார்த்து வைச்சாச்சு. இனி அசைக்கேலாது" என்றார், இன்னும் என்னைப் பார்த்தபடியே. "நீங்கள் அதைக் கழட்டினால் சாமி அங்கை இருந்து என்ன, இஞ்சை இருந்து என்ன? செய்ததெல்லாம் வீண்."

திரும்பி ஸ்டோர் றூமுக்குப் போனேன். கழற்றினால் மாமி செய்தது வீண், கழற்றாவிட்டால் ஒரு வயதான மனுசி என் அழுக்கோடு தலை வைத்துப் படுக்க வேண்டும். எது சரியென்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை. அரைவாசி வெளியே வந்த திருகாணியை இறுக்கினேன். 'தோய்க்க வேண்டியது' என்ற தாளை உரித்தெடுத்தேன். கூடையைத் தூக்கிக்கொண்டு போய், மாமி இத்தனை நாளும் வைத்த அதே இடத்தில், தேசி மரத்தின் கீழே வைத்தேன். இவ்வளவு சின்ன வேலை அது. இதைத் தேர் முடிந்த அடுத்த நாளே செய்திருந்தால் பிள்ளையார் தன் பாட்டில் இருந்த இடத்தில் இருந்திருப்பார்.

திரும்பி வந்தபோது மாமி அறையின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கண்ணாடியும், நான் மாதாமாதம் கொண்டுவந்து கொடுக்கும் பிறஷர்க் குளிசை டப்பாவும். பழைய அறையில் யன்னல் கட்டு இருந்தது. இங்கே வைக்க ஓர் இடமில்லை. கடவுளுக்காகக் கட்டிய அறை. கடவுளுக்குக் கண்ணாடியும் குளிசையும் தேவைப்படுவதில்லை.

நான் வாசலிலேயே நின்றேன். பழக்கம்.

"உள்ளுக்கை வாங்கோ" என்றார். "இனி இது சாமியறை இல்லைத்தானே."

போனேன். அவர் சுவரைக் காட்டினார், அதே சுவர்.

"எனக்கும் இதிலை ஒண்டு அடிச்சுத் தாறியளே தம்பி? சின்னதாய். இதுகள் வைக்க."

சேட்டுப் பையில் இருந்த பென்சிலை எடுத்தேன். "எவ்வளவு உயரத்திலை, மாமி?"

மாமி கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெல்லக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நான் நிற்க, அவர் உட்கார்ந்திருந்தார். சீலையைக் காலில் இழுத்துச் சரி செய்துவிட்டு, தலையணையில் கொஞ்சம் சாய்ந்து, கையை எட்டிச் சுவரில் விரலை வைத்தார்.

"இந்தளவிலை வந்தால் கை எட்டும்."

விரல் இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். பலகைத் துண்டு மிச்சம் இருந்தது. ட்றில்லை எடுக்கப் போனேன்.